சவுக்குத் தோப்பில் மூன்று அங்குலக் கத்தி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் வடிய நாள்கணக்கானது. கரண்ட் இல்லை, பல வீடுகளில் தீப்பெட்டிகூட நனைந்து போயிருந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் பகுதியில் ஒரு சின்னக் குழு சேர்ந்தது. பத்தாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை படிக்கிற பிள்ளைகளுக்கு முதலுதவி, முடிச்சுப் போடுவது, தார்ப்பாய் கட்டி ஒதுங்குவது, ஈர விறகில் தீ மூட்டுவது மாதிரியான விஷயங்களைக் கற்றுக்கொடுக்கிறோம். புஷ்கிராஃப்ட் என்று இப்போது பலரும் சொல்கிற, சுற்றிக் கிடைப்பதை வைத்துக் கைவேலையால் சமாளிக்கும் கலைதான் அது.

குழுவை நடத்துகிறவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கெல்லாம் அவர் ஐயா. குழுவில் இருபத்திரண்டு வயது கல்லூரி மாணவர் ஒருவர் இருக்கிறார், கத்திகளைப் பற்றி நிறையப் படிப்பவர். முகாமுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையின் அவசரப் பையிலும் ஒரு சின்ன சர்வைவல் கத்தி இருக்க வேண்டும் என்ற யோசனை அவருடையது. மொத்தமாக வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு கத்தியை வாங்கி முழுசாகச் சோதித்துப் பார்ப்போம் என்று ஐயா சொன்னார். அந்தச் சோதனையில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். குறிப்பெடுக்கும் வேலை என்னுடையது. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர்களும் இடத்தின் சரியான அடையாளமும் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கின்றன.

கத்தி

அலகு மூன்று அங்குலம். தடிமன் 4 மில்லிமீட்டர், இவ்வளவு சின்ன அலகுக்கு இது அதிகம். 1095 ரக கார்பன் எஃகு, அதாவது கார்பன் கிட்டத்தட்ட 0.95 சதவீதம். கூர் நன்றாக நிற்கும், கல்லில் சுலபமாகத் தீட்டலாம், ஆனால் குரோமியம் பெயரளவுக்குக்கூட இல்லாததால் துரு பிடிக்கும். அதற்காகவே மேலே கறுப்புப் பூச்சு. அலகின் இரும்பே கைப்பிடியின் கடைசி வரை ஒரே துண்டாக ஓடுகிறது, உடைவதற்கு மூட்டு எதுவும் இல்லை. பிடியில் மரமோ ரப்பரோ கிடையாது, பாராகார்டு என்ற பலமான நைலான் கயிறு சுற்றியிருந்தது. அந்தக் கயிறு சுமார் 250 கிலோ இழுவை தாங்கும், அவசரத்தில் அவிழ்த்து வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதைச் சுற்றுவதற்கான காரணம். உறை தோல்.

கையில் எடுத்ததும் ஐயா கவனித்தது இரண்டு விஷயம். ஒன்று, அவர் கைக்கு மூன்று விரல்தான் பிடியில் உட்கார்ந்தது, சுண்டுவிரல் வெளியே நின்றது. இரண்டு, பிடிக்கும் அலகுக்கும் நடுவே விரல் முன்னால் நகராமல் தடுக்கும் மேடு இல்லை, லேசான ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. இரண்டையும் அன்றே குறிப்பில் எழுதினேன். ஆனால் அன்றைக்கு யாரும் அதைக் காரணம் காட்டிக் கத்தியை ஒதுக்கவில்லை, பைக்குள் அடங்கும் கத்தி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம்.

ஏன் நாமே சோதிக்க வேண்டும் என்ற கேள்வியும் எழுந்தது, வீடியோக்களில் இதே அளவுக் கத்திகளை வைத்து எல்லாம் செய்து காட்டுகிறார்களே என்று. அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை கனடாவிலும் சுவீடனிலும் பிரிட்டனிலும் நடப்பவை. கனடாவின் மோர்ஸ் கொச்சான்ஸ்கி மாதிரியான ஆசிரியர்கள் வளர்த்த பயிற்சிமுறை அது. ஒரே குச்சியில் விதவிதமான வெட்டுகளைச் செதுக்கிக் கையையும் கத்தியையும் சோதிக்கிற வழக்கத்தைப் பரப்பியதும் அவர்தான். நல்ல முறைதான், நாங்களும் அதையே பின்பற்றினோம். ஆனால் அங்கே கையில் இருப்பது பைனும் பிர்ச்சும், நேர் இழை ஓடும் மரங்கள். காய்ந்த பைன் கன மீட்டருக்கு 500 கிலோ சொச்சம், நம் சவுக்கோ 800 கிலோவைத் தாண்டும். அதோடு நம் ஊர் வியர்வையையும் கடற்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே தேறிய கத்தி இங்கேயும் தேறும் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இடமும் அனுமதியும்

காட்டுக்குப் போகவில்லை, போகவும் கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி இறந்தார்கள், அவர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. எங்கள் குழுவில் தீ பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் அதையும் பேசுகிறோம், பிள்ளைகளிடமும் சொல்கிறோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்பாக்கத்தைத் தாண்டி, குழுவில் ஒருவரின் உறவினருக்குச் சொந்தமான சவுக்குத் தோப்பு இருக்கிறது. ஓரமாகப் பனை, தென்னை, கொஞ்சம் மூங்கில், பூவரசு, வேம்பு. உரிமையாளரிடம் அனுமதி வாங்கினோம், பச்சை மரத்தில் கை வைப்பதில்லை, விழுந்த கிளையும் அறுவடையில் மிச்சமான கழியும் மட்டும்தான் என்று பேசிக்கொண்டோம். தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் இரண்டு நாளும் கூடவே இருந்தார். இந்தச் சோதனையில் எங்களுக்குக் கிடைத்ததில் பாதி அவர் சொல்லிக் கிடைத்தது.

கத்தியைக் கொண்டு போவது பற்றியும் ஒரு வார்த்தை. ஆயுதச் சட்ட விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள்தான் தனி வகையில் வருகின்றன, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவை அதில் சேராது. எங்கள் கத்தி அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. அதற்காக இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸில் போகலாம் என்று அர்த்தமில்லை. உறையில் போட்டு, துணியில் சுற்றி, பைக்கு அடியில் வைத்து, ஐயாவின் காரில் கொண்டு போனோம். மெட்ரோவில் பை ஸ்கேனருக்குள் போகும், அங்கே கத்தியோடு நிற்பது தேவையில்லாத தலைவலி.

முதல் நாள் காலை: தீ

ஐப்பசி கடைசி. முந்தின ராத்திரி நல்ல மழை. சோதனைக்கு அது வசதியாகவே போயிற்று, ஏனென்றால் எங்களுக்குத் தேவை ஈரத்தில் வேலை செய்யும் கத்தி. சவுக்குச் சருகு காய்ந்தால் குபீரென்று பிடிக்கும் என்பதால் மணல் தெரியும் வரை தரையைக் கூட்டி, சுற்றிலும் வெறும் மண் வளையம் விட்டு, இரண்டு வாளி தண்ணீர் வைத்த பிறகுதான் ஆரம்பித்தோம்.

ஃபெரோ ராடில், அதாவது சுரண்டினால் தீப்பொறி தெறிக்கும் உலோகக் குச்சியில், பொறி எடுப்பது முதல் வேலை. அலகின் முதுகால் ராடை அழுத்திச் சுரண்டினால் 3000 டிகிரி வரை சூடான பொறி வரவேண்டும். வரவில்லை. கறுப்பாக மாவு கொட்டியது, அவ்வளவுதான். காரணம் முதுகின் விளிம்பு உருண்டையாக இருந்தது, அதன் மேல் பூச்சு வேறு. பொறி எடுக்க முதுகு செங்கோண விளிம்போடு இருக்க வேண்டும். அலகின் கூர்ப் பக்கத்தால் சுரண்டினால் வரும்தான், ஆனால் கூர் போய்விடும், கையும் ஆபத்தான இடத்தில் இருக்கும். ஐயா பையிலிருந்து அரத்தை எடுத்து முதுகில் ஒரு அங்குல நீளத்துக்குப் பூச்சைத் தேய்த்து விளிம்பைச் சதுரமாக்கினார். அதற்குப் பிறகு ஒரே இழுப்பில் பொறி கொட்டியது. சர்வைவல் கத்தி என்று விற்கப்படும் ஒன்றில் இந்த வேலையை வாங்கியவரே செய்ய வேண்டியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அரம் இல்லாத ஒரு பிள்ளை மழையில் ராடைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

பொறியை வாங்கிக்கொள்ள என்ன வைப்பது? வீடியோவில் பிர்ச் பட்டை. இங்கே தென்னை. மட்டையோடு கிடந்த பழைய தேங்காயின் வெளிநார் ஈரமாக இருந்தது, கத்தியால் கீறி உரித்தால் உள்நார் காய்ந்திருந்தது. அதைப் பிரித்துப் பஞ்சாக்கினால் பொறி தங்குகிறது, ஆனால் கனன்றுகொண்டே இருக்கும், சுடராக மாற ஊத வேண்டும். பனையின் பன்னாடை அடிமட்டைக்குள் மறைந்திருந்த பகுதியில் காய்ந்தே இருந்தது, அது சீக்கிரம் சுடர் விட்டது. எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது மூங்கில். காய்ந்த மூங்கிலின் மேல்தோலைக் கத்தியின் முதுகால் நிதானமாகச் சுரண்டினால் நூல் நூலாக ஒரு பொடி சேரும், அது கைப்பிடி அளவு சேர்ந்ததும் பொறி விழுந்த உடனே பிடித்தது. முதுகைச் சதுரமாக்கியதால் கிடைத்த இரண்டாவது லாபம் இது.

அடுத்து சுருள்சீவல் குச்சி. குச்சியைச் சீவிச் சீவி, சீவல் கீழே விழாமல் சுருண்டு குச்சியிலேயே ஒட்டியிருக்கும்படி விடுவது. மெல்லிய சீவல் தீயை வாங்கித் தடித்த குச்சிக்குக் கொடுக்கும். சவுக்கில் சீவல் நீளமாக வரவில்லை, சுருண்ட உடனே முறிந்தது. பூவரசில் வந்தது. தென்னம்பாளையில் சீவவே வேண்டாம், கத்தியை நுழைத்துக் கிழித்தால் போதும். 4 மில்லிமீட்டர் தடிமன் இங்கே இடைஞ்சல், அலகு சீவுவதைவிட அகலத் திறக்கப் பார்க்கிறது, கோணத்தைக் கொஞ்சம் மாற்றினாலும் ஆழமாக இறங்கிவிடுகிறது. பழகினால் கைக்கு வருகிறது.

மதியம்: பிளப்பது

வெளியே நனைந்த விறகுக்குள் காய்ந்த நடுமரம் இருக்கும், அதை எடுக்கத்தான் பிளக்கிறோம். கத்தியை விறகின் தலையில் வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டி இறக்குவதற்குப் பேட்டனிங் என்று பெயர். அலகின் நுனி விறகுக்கு வெளியே ஒரு அங்குலமாவது நீண்டிருந்தால்தான் தட்டுவதற்கு இடம் கிடைக்கும். மூன்று அங்குல அலகுக்கு இரண்டு அங்குல விறகுதான் எல்லை என்பது கணக்கு.

பூவரசும் வேம்பும் அந்த அளவில் பிளந்தன. மூங்கில் சொல்லவே வேண்டாம். சவுக்கில் ஒன்றரை அங்குலக் கழி, கணு இல்லாத இடத்தில் பிளந்தது, கணு வந்த இடத்தில் கத்தி நின்றுவிட்டது. மாணவர் பிடியை இடம் வலமாகத் திருகி வெளியே எடுத்தார். எடுத்துப் பார்த்தால் கூர் விளிம்பில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு பல். உடனே நிறுத்தி ஏன் என்று பேசினோம். நேராக அடித்ததால் வந்ததில்லை, திருகியதால் வந்தது என்பது ஐயாவின் முடிவு. கூர்மைக்காகக் கடினமாக்கிய எஃகு நேரான அழுத்தத்தைத் தாங்கும், பக்கவாட்டு வளைவில் விளிம்பு உதிரும். மாட்டிக்கொண்ட கத்தியைத் திருகக் கூடாது, விறகைத் தலைகீழாகத் திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டியோ, பிளவில் ஆப்பு வைத்தோதான் எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் தன் அருவாளை எடுத்து வந்தார். அதே கழி, நாலு வெட்டு, வேலை முடிந்தது. "இத வச்சு அத ஏன் தம்பி பண்ற?" என்று மாணவரிடம் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. மாணவர், "அருவாளைப் பையில போட முடியாதுங்க ஐயா" என்றார். "அப்ப ஆப்பு செதுக்கு. ஆப்பு பொளக்கும், கத்தி எதுக்கு?" என்றார் பெரியவர்.

அன்றைய சோதனையின் திசையே அங்கேதான் மாறியது என்று நினைக்கிறேன். அதுவரை சின்னக் கத்தியைப் பெரிய கருவியாக நடத்திக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு கத்தியால் காய்ந்த சவுக்குத் துண்டில் இரண்டு ஆப்பு செதுக்கி, விறகின் தலையில் கத்தியால் லேசாக ஒரு பிளவு மட்டும் போட்டு, ஆப்பை அதில் வைத்துக் கட்டையால் அடித்தோம். மூன்று அங்குலத்துக்கு மேல் தடித்த கழியும் பிளந்தது. கத்திக்கு எந்தச் சேதமும் இல்லை. நேரம் ஆகும், ஆனால் அவசரத்தில் மாட்டிக்கொண்டவரிடம் நேரம் இருக்கும், இரண்டாவது கத்தி இருக்காது.

செதுக்கலும் சமையலும்

இதில் கத்தி நன்றாகவே தேறியது. தார்ப்பாய்க்கு முளைக்குச்சி, பாத்திரம் தொங்கவிடக் கொக்கி, கயிறு வழுக்காமல் நிற்க வெட்டுப்பள்ளம் எல்லாம் சுத்தமாக வந்தன. அலகு சின்னதாக இருப்பது இங்கே பலம், கட்டைவிரலால் முதுகைத் தள்ளி நுணுக்கமாகச் செதுக்க முடிகிறது. காய்ந்த எருக்கந்தண்டில் பட்டையை உரித்து நார் எடுத்துத் திரித்தோம், பழைய காலத்தில் வில்லுக்கு நாண் செய்த நார் அது, கையால் அறுக்க முடியவில்லை. பச்சை எருக்கில் கை வைக்க வேண்டாம், அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதே மாதிரி அரளி. சென்னையில் சாலை நடுவே எங்கு பார்த்தாலும் அரளிதான், குச்சி நேராக அழகாக இருக்கும், பிள்ளைகள் கையை நீட்டுவார்கள். மீன் சுட, கரண்டி செதுக்க அதை எடுத்தால் விஷம். பயிற்சியில் கத்தியைக் கொடுப்பதற்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

மீன் செதில் எடுத்துக் குடல் நீக்கியது, குறையில்லை. வெங்காயமும் மாங்காயும் நறுக்கியது மோசம், தடித்த அலகு நறுக்காமல் பிளக்கிறது. இளநீர் சீவ முடியவில்லை, கண் பக்கம் மட்டையைக் குடைந்து ஓட்டை போட முடிந்தது. மட்டையின் துவர்ப்பு அலகில் பட்டு, பூச்சு தேய்ந்த இடம் கறுத்தது.

கை வழுக்கியது

மாலை நாலரை மணி வாக்கில் தூறல் ஆரம்பித்தது. பட்டியலில் மிச்சமிருந்தது துளை போடுவது. பலகை மாதிரியான காய்ந்த துண்டில், கயிறு கோக்கிற அளவுக்குக் கத்தி நுனியால் குடைவது. மாணவர் உட்கார்ந்து, துண்டைத் தரையில் வைத்து, நுனியை ஊன்றித் திருகி அழுத்திக்கொண்டிருந்தார். நுனி மரத்தில் நின்றது, கை நிற்கவில்லை. பிடியிலிருந்து முன்னால் வழுக்கி, ஆள்காட்டி விரலின் உட்பக்கம் அலகில் ஏறியது.

இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான வெட்டு. ரத்தம் நிறைய வந்தது. கத்தியை முதலில் ஒருவர் எடுத்துத் தள்ளி வைத்தார், இது முக்கியம், பதற்றத்தில் இன்னொருவர் அதை மிதிப்பதற்கு வாய்ப்பு அதிகம். சுத்தமான துணியை மடித்து வெட்டின் மேல் வைத்து அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தோம். பத்து நிமிடம் துணியை எடுத்துப் பார்க்கவே இல்லை, எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைகிற ரத்தம் மறுபடி உடையும். மஞ்சள் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார், வேண்டாம் என்றோம், காயத்தைச் சுத்தம் செய்யும் மருத்துவருக்கு அது கூடுதல் வேலை. ரத்தம் நின்றதும் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவி, விரல் நுனியை மடக்கச் சொன்னோம். மடங்கியது. நுனியில் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தோம். இருந்தது. இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தால் தசைநாணோ நரம்போ அறுந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு நேராகப் போவதென்று அங்கேயே முடிவெடுத்திருந்தோம்.

அப்புறம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். தையல் போட்டார்கள். பதினாறு வயதில் பள்ளியில் போட்டதுதான் அவருடைய கடைசி டெட்டனஸ் ஊசி, ஐந்து வருடம் தாண்டிவிட்டது, மண்ணில் கிடந்த மரத்தைத் தொட்ட கை. ஊசியும் போட்டார்கள். தையல் பிரித்த பிறகு விரல் முழுசாக வேலை செய்கிறது.

ஏன் நடந்தது என்று அன்றிரவே உட்கார்ந்து பேசினோம், மாணவரையும் வைத்துக்கொண்டுதான். அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்லிவிட்டால் சுலபமாக முடிந்துவிடும், ஆனால் அவர் எங்களில் அதிகப் பயிற்சி உள்ளவர். ஐயா கத்தியைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொருவரையும் மரத்தில் நுனியை ஊன்றி மெதுவாக அழுத்தச் சொன்னார், அலகின் மேல் தடித்த துணியைச் சுற்றிவிட்டு. எல்லார் கையும் முன்னால் நகர்ந்தது. பாராகார்டு நனைந்தால் கொஞ்சம் தளர்ந்து பிடியிலேயே சுழல்கிறது. சுண்டுவிரலுக்கு இடமில்லாததால் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் பலம் குறைவு. தடுக்க மேடு இல்லை. சுற்றியிருக்கும் கயிற்றை அவசரத்தில் அவிழ்த்துக்கொள்ளலாம் என்ற வசதிக்காக, எல்லா நேரமும் தேவைப்படும் பிடியை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. மழையும் வியர்வையும் உள்ள ஊரில் அந்தப் பேரம் கட்டுப்படியாகாது.

நேரமும் ஒரு காரணம். காலையிலிருந்து தட்டி, சீவி, கை சோர்ந்திருந்தது, தூறல் வந்ததும் சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற எண்ணம் எல்லாருக்கும் வந்தது.

மறுநாள் காலை

அன்று மாலையே கத்தி வேலையை நிறுத்தியிருந்தோம். ராத்திரி துடைத்துத் தோல் உறையில் போட்டு வைத்த கத்தியைக் காலையில் எடுத்தால், முதுகில் அரம் போட்ட இடத்திலும் கூர் விளிம்பிலும் செம்பழுப்பாகத் துருப் புள்ளிகள். ஒரே ராத்திரியில். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்கிறது, பக்கத்தில் கடல், காற்றில் உப்பு. சாம்பலைத் தொட்டுத் துணியால் தேய்த்ததில் போய்விட்டது, ஆழமாக இறங்கவில்லை. தேங்காய் எண்ணெய் தடவினோம். அது அன்றைக்கு உதவியது, நாள்பட வைத்தால் பிசுபிசுத்துக் கெட்டியாகும் என்பதால் வீட்டில் தையல் மெஷின் எண்ணெய்க்கு மாறினோம்.

கூரில் விழுந்த பல்லை எடுக்க, தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக் கத்திக்கும் அருவாள்மனைக்கும் அது போதும், ஆனால் மெல்லிய விளிம்பைத் தண்ணீர் இல்லாமல் வேகமான சக்கரத்தில் வைத்தால் நொடியில் சூடேறும். விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால் கிட்டத்தட்ட 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், பதம் போய்விடும், பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. தண்ணீர்க் கல்லில் பக்கத்துக்கு இருபது டிகிரி கோணத்தில் பொறுமையாகத் தீட்டிப் பல்லை எடுத்தார்.

எடுத்த முடிவுகள்

வேளச்சேரியில் கூடிப் பேசினோம். மாணவர் அந்தக் கத்தியை முழுசாக ஒதுக்குவதற்குச் சம்மதிக்கவில்லை, அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது: தீயும் செதுக்கலும் அந்தக் கத்தியால் நன்றாகவே நடந்தன. எஃகைக் குறை சொல்ல எதுவுமில்லை, பிடிதான் பிரச்சினை. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை கையில் மழை நேரத்தில் கொடுக்கலாமா என்று கேட்டபோது அவரே வேண்டாம் என்றார்.

ஆகவே மொத்தமாக வாங்கும் யோசனை கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, சுவீடனில் மோரா ஊர்ப் பக்கம் செய்கிற மாதிரியான, 10 சென்டிமீட்டர் அலகும் 2.5 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள துருப்பிடிக்காத எஃகுக் கத்தி, ரப்பர் பிடி, விரல் மேடு, பிளாஸ்டிக் உறை. பிடி நீளமென்பதால் நாலு விரலும் உட்காரும், மெல்லிய அலகென்பதால் வெங்காயமும் நறுக்கும். தடித்த அலகு தரும் முரட்டுப் பலம் இதில் கிடையாது, ஆனால் ஆப்பு செதுக்கத் தெரிந்தவருக்கு அது தேவைப்படவில்லை என்பதைத் தோப்பில் பார்த்துவிட்டோம். ஆளுக்கு ஒன்றும் இல்லை, இரண்டு பேருக்கு ஒன்று. ஒருவர் வேலை செய்யும்போது மற்றவர் பார்ப்பார், கை நீட்டினால் எட்டும் தூரத்துக்குள் மூன்றாவது ஆள் வரக் கூடாது.

கத்தி நுனியால் துளை போடுவது பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் குத்தூசி ஒன்று ஒவ்வொரு பையிலும் சேர்ந்தது, எடையும் இல்லை, விலையும் இல்லை. தொடைகளுக்கு நடுவே வைத்துச் சீவுவதற்கும் தடை, அங்கே ஓடும் தமனி அறுந்தால் தோப்பிலிருந்து மருத்துவமனை போய்ச்சேர நேரம் கிடைக்காது. முழங்காலுக்கு வெளியேதான் கை இயங்க வேண்டும். நாலு மணிக்கு மேல் கத்தி எடுப்பதில்லை, தூறல் விழுந்தால் நேரம் பார்க்காமல் உறைக்குள் போக வேண்டும். மழையில் தீ மூட்டுவதைக் கற்றுக்கொடுக்கத்தானே இதெல்லாம் என்று கேள்வி வந்தது. சரியான கேள்வி. அந்தப் பாடத்தில் சீவலும் ஆப்பும் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து, கையையும் பிடியையும் துடைத்துவிட்டுச் செய்யப்படும், ஐயாவோ மாணவரோ பக்கத்தில் இருப்பார்கள்.

அருவாளும் முகாமுக்கு வருகிறது. பெரியவர் கையில் மட்டும்.

பின்னர் நடந்தது

பொங்கல் விடுமுறையில் அதே தோப்பில் முதல் முகாம் நடந்தது. புதுக் கத்தியின் முதுகும் ஃபெரோ ராடுக்குச் சரியாக வருகிறதா என்று முன்கூட்டியே ஐயா வீட்டு மொட்டைமாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம், சிலவற்றுக்கு அரம் போட வேண்டியிருந்தது. பிள்ளைகள் மூங்கில் பொடியைத் தாங்களாகவே கண்டுபிடித்த மாதிரி பிடித்துக்கொண்டார்கள். ஆப்பு செதுக்குவதை மாணவர் கற்றுக்கொடுத்தார், தையல் தழும்பைக் காட்டி, எப்படி வழுக்கியது என்று கை வைத்த இடத்தோடு சொன்னார், நாங்கள் யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. யாருக்கும் கட்டுப்போட வேண்டிய காயம் ஏற்படவில்லை.

பழைய மூன்று அங்குலக் கத்தி ஐயாவிடம் இருக்கிறது. பாராகார்டை அவிழ்த்துவிட்டு, பூவரசு மரத்தில் இரண்டு பக்கமும் பிடி வைத்து, பின்னால் சுண்டுவிரலுக்கு ஒரு கொக்கி வளைவு விட்டு, முன்னால் மேடு வைத்துப் பித்தளை ஆணியால் இறுக்கியிருக்கிறார். நனைத்து, நுனியை ஊன்றி அழுத்தும் அதே சோதனையில் கை நகரவில்லை. அந்த அளவுகளைக் காகிதத்தில் வரைந்து வைத்திருக்கிறோம், இதே மாதிரிக் கத்தி ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் பிடியை மாற்றிக்கொள்ள அது உதவும்.